மூன்று மணிக்கொரு முறை

மீனம்பாக்கத்தில் காலை ஐந்தரை மணி ஆகும்போது கிரீன்விச்சில் நள்ளிரவு. அந்த நேரத்துக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான வானிலை நிலையங்களில் வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் வேகம், மேகத்தின் அளவு எல்லாம் பதிவாகின்றன. மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். ஒரு நாளைக்கு எட்டு முறை. வானிலைக்காரர்கள் இதை ‘சினாப்’ என்பார்கள். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்கும் இதே கணக்குதான். அங்கே நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு இல்லாத மாதங்கள் உண்டு. ஆனாலும் கடிகாரம் மாறுவதில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1981-ல் கிளம்பிய முதல் இந்தியப் பயணத்திலிருந்தே அண்டார்க்டிகாவுக்கு ஆள் அனுப்பிவருகிறது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் சென்னைக்காரர். பல வருடம் மீனம்பாக்கத்தில் பலூன் விட்டவர், வடகிழக்குப் பருவமழையில் குடை பிடித்தபடி மழைமானியைக் கவிழ்த்து அளந்தவர். அவர் மைத்ரியில் ஒரு குளிர்காலம் முழுக்க ரீடிங் எடுத்தார். அண்டார்க்டிகா என்றால் பென்குயின், பனிமலை, சாகசம் என்று பேச்சு ஓடும் சபையில் அவர் பொறுமையாக ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: உலகிலேயே மிகக் குளிர்ந்த இடம், மிகக் காற்றடிக்கும் இடம் என்ற பட்டங்களெல்லாம் யாரோ ஒழுங்காக ஒரு கருவியை நிறுத்தி, ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காக எழுதியதால் கிடைத்தவை. எழுதியவரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொண்டாடுவதில் அவருக்கு உடன்பாடில்லை.

மைத்ரி நிற்கும் இடம் ஷிர்மாக்கர் ஓயாசிஸ். பெயரில் ஓயாசிஸ் இருந்தாலும் மரமோ புல்லோ கிடையாது. சுமார் 35 சதுர கிலோமீட்டர் பரப்பில் பனி மூடாத பழுப்புப் பாறை மேடுகள். நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள். நிலையத்துக்குக் குடிநீர் தரும் ஏரிக்கு பிரியதர்ஷினி என்று பெயர். தெற்கே பனிவிரிப்பு சுவர்போல ஏறிக்கொண்டே போகும். வடக்கே மிதக்கும் பனித்தட்டு, அதன் விளிம்புக்கும் கடலுக்கும் போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யர்களின் நோவோலாசரேவ்ஸ்கயா நிலையம். அக்கம்பக்கம் என்று சொல்ல அவர்கள் மட்டும்தான்.

இந்தப் பாறையைச் சூழ்ந்த கண்டத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் அங்கே வீசும் காற்று புரியும் என்பார் அவர். அண்டார்க்டிகாவின் பரப்பு சுமார் 1 கோடி 40 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 98 சதவீதம் பனி மூடியது. பனியின் சராசரிக் கனம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், ஆழமான இடங்களில் நாலே முக்கால் கிலோமீட்டரைத் தாண்டும். அந்தக் கனம் கண்டத்தையே உயர்த்திவிடுகிறது. சராசரி உயரத்தில் வேறெந்தக் கண்டமும் இதன் அருகில் வராது. கிழக்குப் பகுதியின் பீடபூமி 3,000 மீட்டருக்கு மேல். அதன் உச்சியான டோம் ஏ 4,093 மீட்டர். ஆக, நடுவில் உயர்ந்து, ஓரங்களில் கடலை நோக்கிச் சரியும் ஒரு மாபெரும் வெள்ளை மேடு. உச்சியில் காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று சரிவில் வழிகிறது. வழியும்போது பூமியின் சுழற்சி அதை இடப்பக்கம் திருப்புகிறது. அதனால்தான் மைத்ரியில் வருடத்தில் பெரும்பாலான நாள்கள் தென்கிழக்குக் காற்று. காற்றுத் திசைகாட்டியின் முள் அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டதுபோல நிற்கும். சென்னையில் கடற்காற்று எப்போது திரும்பும் என்று தினமும் காத்திருந்தவருக்கு இந்தப் பிடிவாதம் புதிதாக இருந்தது.

இப்படி வழியும் காற்றுக்கு கடற்கரையில் பள்ளத்தாக்கு வாய்த்துவிட்டால் அதன் வேகத்துக்கு எல்லையே இல்லை. 1912-ல் ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் மாசன் தன் குழுவோடு கேப் டெனிசனில் குடிசை போட்டார். இறங்கிய அன்று அமைதியான நாள். அதன் பின்புதான் தெரிந்தது, கடல்மட்டத்தில் அதைவிடக் காற்றடிக்கும் இடம் பூமியில் கிடையாது என்று. அங்கே வானிலைப் பொறுப்பிலிருந்தவர் செசில் மாடிகன். ஆண்டு முழுவதற்குமான சராசரிக் காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் இருந்தது. சராசரி என்றால் அமைதியான நாள்களையும் சேர்த்து. சென்னைக் கடற்கரையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடும். அங்கே அதுவே வருடம் பூராவும். குழுவினர் காற்றின்மேல் சாய்ந்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். காற்று சட்டென்று நின்றால் முகங்குப்புற விழுந்தார்கள். அந்த நிலையில் மாடிகனும் கூட்டாளிகளும் குன்றின்மேல் ஏறிக் கருவியின் தாளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதே கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்களின் துமோன் துர்வில் நிலையத்தில் 1972 ஜூலையில் மணிக்கு 327 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்றுவீச்சு பதிவானது.

பனிப்புயலைப் பற்றி ஊரில் எல்லாரும் கேட்பது: புயல் வந்தால் குளிர் இன்னும் அதிகமாகுமா? உண்மை நேர்மாறு. மைத்ரியில் குளிர்காலத்தில் மைனஸ் 30-ல் வானம் தெளிந்து, காற்று ஓய்ந்து கிடக்கும். பிறகு பாரமானி மெல்ல இறங்கத் தொடங்கும். வடக்கே மேல்மேகம் படரும். வெப்பநிலை ஏறும். ஒரு நாளுக்குள் பதினைந்து, இருபது டிகிரி ஏறிவிடுவதுண்டு. கடலிலிருந்து புயல்சின்னம் இளஞ்சூடான ஈரக்காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. அழுத்தம் இறங்கி, வெப்பம் ஏறினால் வெளியில் வேலை செய்பவர்களை உள்ளே கூப்பிட வேண்டும். நிலையத் தலைவர் அவரிடம் கேட்கும் முக்கியமான கேள்வியும் இதுதான்: எத்தனை மணி நேரம் இருக்கிறது? பனித்தட்டு விளிம்பிலிருந்து சரக்கு இழுத்துவரும் வண்டிகள் நடுவழியில் இருக்கும். அந்தப் பதிலில் உயிர்கள் இருக்கின்றன.

புயலுக்குள் ரீடிங் எடுக்கப் போவது தனி வேலை. தனியே யாரும் போகக்கூடாது. இருவராக, வாக்கி-டாக்கியோடு, கட்டடத்திலிருந்து கருவிகள் இருக்கும் இடம்வரை கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்தபடி போக வேண்டும். பனித்தூள் பறக்கும்போது நீட்டிய கை தெரியாது. வானிலிருந்து விழும் பனி எது, தரையிலிருந்து எழும் பனி எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இதனால் அண்டார்க்டிகாவில் அளக்க மிகக் கடினமானது மழையளவு, அதாவது பனிப்பொழிவு. மழைமானியை வைத்தால் பறந்து வரும் பழைய பனி நிரம்பிவிடும், அல்லது விழுந்த பனியைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். பனிமேல் குச்சிகளை நட்டு, மட்டம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பதே பழைய, நம்பகமான வழி. கண்டத்தின் நடுப்பகுதியில் ஆண்டுக்குக் கிடைக்கும் பனியை உருக்கி அளந்தால் 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. உலகின் மிகப் பெரிய பாலைவனம் அதுதான். ஒரே நவம்பர் நாளில் நுங்கம்பாக்கத்தில் அதைவிட அதிகம் அளந்தவர் அவர்.

மே கடைசி வாரத்தில் மைத்ரியில் சூரியன் மறைந்தால் ஜூலை மூன்றாம் வாரம்வரை எழுவதில்லை. இருட்டில் மேகம் பார்ப்பது ஒரு கலை. வானத்தை எட்டு பாகமாகப் பிரித்து எத்தனை பாகம் மூடியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் உடனே அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. விளக்குக்கு முதுகு காட்டி, சில நிமிடம் சும்மா நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் நட்சத்திரங்கள் வரும். எங்கே நட்சத்திரம் இல்லையோ அங்கே மேகம். மெல்லிய சிரஸ் மேகத்தில் நட்சத்திரங்கள் மங்கும், ஆனால் மறையாது. தென்துருவ ஒளி ஆடும் இரவில் பச்சை ஒளித்திரைக்கும் மேகத்துக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். மைனஸ் 30-ல் அந்தச் சில நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளக் கால்கள் அவசரப்படுத்தும். அவர் குறைத்ததில்லை. மீனம்பாக்கத்தில் அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், விடியற்காலை ஷிப்டில் வருகிற பையன்களிடம் சொல்வாராம்: “தம்பி, பார்க்காத மேகத்த எழுதாதப்பா. எழுதாம விட்டா ஒரு கட்டம் காலி. பொய்யா எழுதினா ஒரு வருஷமே கெட்டுரும்.”

தொலைபேசியில் மகள் கேட்டாள், “அப்பா, அங்க எவ்ளோ குளிர்?”

“மைனஸ் முப்பதும்மா.”

“ஐஸ்கிரீம் ஃபிரீசர்ல மைனஸ் பதினெட்டுதானே! அதவிடவா?”

அதைவிடத்தான். ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி என்று அவருக்கு உடனே தோன்றியது. காற்றில்லாத மைனஸ் 30-ல் நன்றாக உடுத்திக்கொண்டு ஒருவர் நெடுநேரம் வேலை செய்யலாம். மைனஸ் 12-ல் புயற்காற்று அடித்தால் மூக்கு நுனி சீக்கிரமே வெளுக்கக்கூடும். இந்த வேறுபாட்டுக்கு எண் கொடுத்தவர்களும் அண்டார்க்டிகாவில் குளிர்காலம் கழித்தவர்கள்தாம். அமெரிக்காவின் பால் சைபிள், சார்லஸ் பாசெல் இருவரும் லிட்டில் அமெரிக்கா முகாமின் கூரைமேல் ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீரை வைத்து, வெவ்வேறு காற்றில், வெவ்வேறு குளிரில் அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். முடிவுகள் 1945-ல் வெளியாயின. காற்றுக் குளிர் என்ற அளவு அப்படிப் பிறந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, 2001-ல், மனித முகத்தை வைத்துச் சோதித்து அமெரிக்காவும் கனடாவும் சூத்திரத்தைத் திருத்தின. ஆனாலும் அடிப்படையான எண்ணம் அந்தக் கூரைமேல் உதித்ததுதான்.

சைபிளின் சோதனைக்கு முன்பு, லிட்டில் அமெரிக்கா நின்ற அதே ராஸ் பனித்தட்டின் மேல், அமெரிக்காவின் ரிச்சர்ட் பேர்ட் 1934-ல் வானிலைக்காகவே ஒரு குளிர்காலத்தைத் தனியாகக் கழித்தார். முகாமிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே, பனிக்குள் புதைத்த ஒரு சிறு அறை. கடற்கரையின் வானிலையைத் தவிர உள்நாட்டின் குளிர்கால வானிலை யாருக்கும் தெரியாத காலம் அது. அடுப்புப் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு அவர் உடம்பில் மெல்ல மெல்ல நஞ்சேற்றியது. நிற்க முடியாத நாள்களிலும் ஏணியில் ஏறி, கருவிகளைப் பார்த்துத் தாளை மாற்றியிருக்கிறார். ஆகஸ்டில்தான் ஆட்கள் அவரை அடைய முடிந்தது. பேர்டின் தனிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய பதிவேட்டைப் பற்றி எழுதுவதில்லை என்பது சென்னைக்காரரின் ஆதங்கம். அந்தப் பதிவேட்டுக்காகத்தான் பேர்ட் அங்கே போனார்.

இந்தத் தொழிலில் இன்னும் பின்னால் போனால் இந்தியாவே வந்து நிற்கிறது. 1910-ல் ராபர்ட் ஸ்காட் தென்துருவம் புறப்பட்டபோது உடன் அழைத்துச் சென்ற வானிலை வல்லுநர் ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். கேப் எவன்ஸில் ஸ்காட் குழு தங்கிய குடிசையில் சிம்ப்சனுடைய மூலை முழுக்கக் கருவிகள். பலூனில் எடை குறைந்த பதிவுக்கருவியைக் கட்டி ஹைட்ரஜன் நிரப்பி விட்டார். கருவி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பட்டுநூலைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே போகும் ஏற்பாடு. மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று அங்கே தரையருகே மிகக் குளிர்ந்தும், சில நூறு மீட்டர் மேலே இளஞ்சூடாகவும் இருப்பதை அந்தப் பலூன்கள் காட்டின. இன்றைக்கு அண்டார்க்டிக் வானிலையில் முதல் பாடம் இது. பின்னர் சிம்ப்சன் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் 1912-ல் இந்தியா வந்துவிட்டார். அவருடைய அண்டார்க்டிக் வானிலை ஆய்வின் பெரும் தொகுதிகள் 1919-ல் அச்சானது கல்கத்தாவில், தாக்கர் ஸ்பிங்க் நிறுவனத்தில். தென்துருவ வானிலையின் அடிப்படை நூல் நம் ஊரில் அச்சானது என்பதைச் சொல்லும்போதெல்லாம் சென்னைக்காரரின் குரல் உயரும்.

துருவப் பயணத்தில் ஸ்காட்டுடன் சென்று வானிலைக் குறிப்பெடுத்தவர் ஹென்றி பவர்ஸ். அவரும் ராயல் இந்தியன் மரீன் படையில் பணியாற்றியவர். பசி, உறைகடி, சோர்வு எல்லாவற்றுக்கும் நடுவே தெர்மாமீட்டரைச் சுழற்றிச் சுழற்றிக் குறித்துக்கொண்டே வந்தார். 1912 நவம்பரில் அவர்கள் இறந்துகிடந்த கூடாரம் கண்டெடுக்கப்பட்டபோது உடல்களோடு அந்தக் குறிப்புகளும் மீண்டன. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்க வளிமண்டல அறிவியலர் சூசன் சாலமன் அந்தக் குறிப்புகளைப் புதிய தானியங்கி நிலையங்களின் பதினைந்து ஆண்டுத் தரவோடு ஒப்பிட்டார். ஸ்காட் குழு மாண்ட 1912 மார்ச், அந்தப் பாதைக்கு வழக்கமான மார்ச்சைவிட மிகக் கடுமையானது என்று தெரிந்தது. பதினைந்தில் ஒரே ஓர் ஆண்டுதான் அதற்கு நிகர். சிம்ப்சன் போகும் முன்பே கணித்துத் தந்திருந்த எதிர்பார்ப்பு தவறல்ல, வந்த வருடம் அரியது. உறைந்த விரல்களால் பவர்ஸ் எழுதியிராவிட்டால் அதைச் சொல்ல எந்தச் சான்றும் இருந்திருக்காது.

குளிர்காலத்தின் நடுவில் எந்த மாதம் மிகக் குளிர்ந்தது என்று கேட்டால் அண்டார்க்டிகாவில் நேரான பதில் கிடையாது. நம் ஊரில் மார்கழி, தை என்று ஓர் உச்சம் இருக்கும். அங்கே சூரியன் போனதும் வெப்பநிலை வேகமாக இறங்கி, ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை தட்டையாக ஓடுகிறது. தரை குளிரக் குளிர அது வெளியே விடும் வெப்பமும் குறைகிறது. வடக்கிலிருந்து அவ்வப்போது வரும் காற்று கொஞ்சம் சூடேற்றுகிறது. இரண்டும் சமன்படுவதால் அந்தத் தட்டை. இந்த வடக்குக் காற்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வோஸ்டாக்.

வோஸ்டாக் ரஷ்யர்களின் நிலையம். 3,488 மீட்டர் உயரம். அதன் அடியில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் பனிக்குக் கீழே 250 கிலோமீட்டர் நீளத்துக்கு உறையாத ஏரி ஒன்று இருக்கிறது. 2012 பிப்ரவரியில் 3,769 மீட்டர் துளையிட்டு அதன் நீரைத் தொட்டார்கள். ஆனால் வானிலைக்காரர்களுக்கு வோஸ்டாக் என்றால் 1983 ஜூலை 21. அன்று மைனஸ் 89.2 டிகிரி. ஜூலையில் அங்கே சராசரியே மைனஸ் 67 அளவு. அந்த வாரம் காற்றோட்டம் அந்தப் பகுதியைச் சுற்றியே சுழன்று, கடல்பக்கத்துச் சூட்டை உள்ளே விடாமல் தடுத்துவிட்டது. வானம் தெளிவு, காற்று அசைவில்லை. தரை தன் வெப்பத்தை விண்ணுக்கு விட்டுக்கொண்டே இருந்தது. இத்தகைய குளிரில் பாதரசமானி உதவாது. பாதரசம் மைனஸ் 38.8-லேயே உறைந்துவிடும். ஆல்கஹால் நிரப்பிய குழாயோ, பிளாட்டினக் கம்பியின் மின்தடையை அளக்கும் கருவியோ வேண்டும். வெண்பலகைச் சட்டங்கள் கொண்ட ஸ்டீவன்சன் பெட்டிக்குள், பனிமட்டத்துக்கு மேல் தகுந்த உயரத்தில் அது இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு விவரம் என்றால், இதைவிடக் குளிர்ந்த எண் ஒன்றும் செய்தித்தாள்களில் வந்ததுண்டு. செயற்கைக்கோள் தரவை ஆராய்ந்த குழு 2018-ல், கிழக்கு அண்டார்க்டிகாவின் உச்சியில் டோம் ஏ பக்கத்துச் சிறு பள்ளங்களில் மைனஸ் 98 என்று கண்டது. அது பனிப்பரப்பின் வெப்பநிலை. ஆள் உயரத்தில் இருக்கும் காற்றின் வெப்பநிலை அல்ல. இரண்டும் அறிவியலுக்குத் தேவை, ஆனால் ஒன்றை இன்னொன்றாக எழுதக் கூடாது. அதனால் அதிகாரபூர்வ எண் இன்னமும் வோஸ்டாக்கினுடையதுதான்.

சூட்டின் பக்கத்திலும் இதே கதை, இன்னும் கூர்மையாக. 2020 பிப்ரவரி 6-ல் அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா நிலையத்தில் 18.3 டிகிரி. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறியதால் வந்த நாள். மூன்று நாள் கழித்து செய்மூர் தீவில் ஒரு தானியங்கிக் கருவி 20.75 காட்டியது. அண்டார்க்டிகா இருபதைத் தாண்டிவிட்டது என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. உலக வானிலை அமைப்பு இரண்டையும் பரிசோதித்தது. செய்மூர் தீவுக் கருவிக்கு வெயில்படாமல் மறைக்கச் செய்திருந்த தடுப்பு தற்காலிக ஏற்பாடு. அதனால் எண் கூடிக் காட்டியிருக்கிறது. 2021 ஜூலையில் எஸ்பெரான்சாவின் 18.3 ஏற்கப்பட்டது, 20.75 நிராகரிக்கப்பட்டது. எஸ்பெரான்சா எண் போதும் அச்சப்பட. அதற்கு மேல் ஒரு பொய்ச் சூடு தேவையில்லை என்பது அவர் கருத்து. காலநிலை மாற்றத்தைக் கண்ணால் பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள்தாம் எண்ணை இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்று அவர் இளையவர்களிடம் அழுத்திச் சொல்வார்.

உண்மையான எண்களே திகைக்க வைக்கின்றன. 2022 மார்ச் நடுவில் கிழக்குப் பீடபூமிக்குள் கடலிலிருந்து நீராவி ஆறுபோலப் பாய்ந்தது. டோம் சியில், 3,200 மீட்டர் உயரத்திலுள்ள கான்கார்டியா நிலையத்தில், இயல்பைவிட ஏறத்தாழ 39 டிகிரி கூடுதல் பதிவானது. பூமியில் எந்த வானிலை நிலையத்திலும் பதிவான மிகப் பெரிய விலகல்களில் ஒன்று அது. அதே நாள்களில் கடற்கரையில் காங்கர் என்ற மிதக்கும் பனித்தட்டு உடைந்து சிதறியது. 2023 பிப்ரவரியில் கண்டத்தைச் சுற்றியுள்ள கடற்பனி 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனது. செயற்கைக்கோள் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. அந்த வருடக் குளிர்காலத்திலும் பனி மீளவில்லை. சமயத்தில் அவர் இந்த எண்களைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார்.

பலூன் விடுவது அவருக்குப் பிடித்த வேலை, மைத்ரியில் மிகக் கடினமான வேலையும் அதுதான். சென்னையில் ரப்பர் பலூனைப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நின்றால் தானாக எழும்பும். அங்கே காற்று பலூனைப் படுக்கையாக இழுக்கும். கீழே தொங்கும் கருவி பாறையில் மோதாமல் இருக்க ஒருவர் பலூனையும் இன்னொருவர் கருவியையும் பிடித்துக்கொண்டு, காற்றோடு சேர்ந்து ஓடி, ஒரே கணத்தில் விட வேண்டும். காற்று மிக வறண்டதால் உடம்பில் மின்னூட்டம் ஏறியிருக்கும். கதவுப்பிடியைத் தொட்டால் பொறி தெறிக்கும். வாயு நிரப்பும் அறையில் அந்தப் பொறியே ஆபத்து. குளிர்கால வானத்தில் 20 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 80-க்கும் கீழ். அங்கே ரப்பர் விறைத்துச் சீக்கிரமே வெடிக்கும். அதனால் பலூனைக் கதகதப்பான இடத்தில் வைத்தெடுப்பது, எண்ணெயில் தோய்ப்பது போன்ற பழைய கைமுறைகள் துருவ நிலையங்களில் கடைப்பிடிக்கப்படுகின்றன.

அவ்வளவு பாடுபட்டு ஏன் மேலே அனுப்ப வேண்டும்? ஓசோனுக்காக. 1982-ல் ஜப்பானின் சியோவா நிலையத்தில் ஷிகெரு சுபாச்சி வசந்தகால ஓசோன் அளவு வெகுவாகக் குறைந்திருப்பதைப் பார்த்தார். 1984-ல் கிரீஸில் நடந்த மாநாட்டில் சொன்னார், யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பிரிட்டனின் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்லின் மூவரும் ஹாலி நிலையத்தின் பல வருடப் பதிவுகளை வைத்து 1985-ல் கட்டுரை எழுதினார்கள். உலகம் அதிர்ந்தது. ஹாலியில் பயன்பட்டது டாப்சன் என்ற பழைய வகைக் கருவி. ஆனால் ஆண்டு தவறாமல் ஒரே மாதிரி அளந்த பதிவேடு அது. ஷிர்மாக்கர் பாறையிலேயே கிழக்கு ஜெர்மனியின் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் நிலையம் 1985-லிருந்து ஓசோன் கருவிகளைப் பலூனில் ஏற்றி, ஓசோன் படலத்தின் ஓட்டை எந்த உயரத்தில் விழுகிறது என்று காட்டியது. அந்தப் பாறையில் நின்று பலூன் விட்டபோதெல்லாம் அவர்களை அவர் நினைத்துக்கொள்வாராம்.

குளிர்காலம் முடியும் நாள்களில், சூரியன் அடிவானுக்குக் கீழேயே இருக்கும்போது, மிக உயரத்தில் சங்கின் உட்புறம்போல மின்னும் மேகங்கள் சில நாள் தோன்றும். மைனஸ் 78-க்கும் கீழே உருவாகும் அடுக்குமண்டல மேகங்கள் அவை. அவற்றின் பனித்துகள்கள்மீது நடக்கும் வேதிமாற்றத்தில் குளோரின் விழித்துக்கொள்கிறது. செப்டம்பரில் வெயில் வந்ததும் அந்தக் குளோரின் ஓசோனைத் தின்கிறது. குளிர்பதனப் பெட்டிக்கும் ஸ்ப்ரே டப்பாவுக்கும் பயன்பட்ட வாயுக்களிலிருந்து வந்த குளோரின். 1987-ன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் அவற்றைக் கட்டுப்படுத்தியதால் ஓட்டை மெல்ல ஆறிவருகிறது. அண்டார்க்டிகாவின் மேல் 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது கணிப்பு. அதை உறுதிசெய்ய 2066-லும் யாராவது பலூன் விட வேண்டும்.

ஜூன் 21-ஐ ஒட்டி நடுக்குளிர்கால விழா. எல்லா நாட்டு நிலையங்களும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். மைத்ரியில் சமையலறைப் பொறுப்பாளர் சிறப்புச் சாப்பாடு போடுவார். அன்றும் எட்டு சினாப் உண்டு.

இப்போது மைத்ரிக்குப் பதில் மைத்ரி-2 கட்டும் திட்டம் நடக்கிறது. 1989-ல் கட்டப்பட்ட நிலையம் தன் காலத்தைத் தாண்டிவிட்டது, புதியது அவசியம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அவருடைய கவலை வேறு. 1983-84-ல் இந்தியா மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டிய தட்சிண கங்கோத்ரி சில ஆண்டுகளில் பனிக்குள் அமிழ்ந்து, 1990-ல் கைவிடப்பட்டது. பனித்தட்டின் குளிர் வேறு, பாறையின் குளிர் வேறு. பழுப்புப் பாறை கோடை வெயிலை உறிஞ்சிச் சூடேறும். வெண்பனி அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே தட்சிண கங்கோத்ரியின் பதிவையும் மைத்ரியின் பதிவையும் ஒரே கோடாக இணைத்து வரைய முடியாது. கருவியைச் சில நூறு மீட்டர் நகர்த்தினாலே ஒரு மேட்டின் மறைப்பு கூடும், அல்லது குறையும். காற்றின் சராசரி மாறும். பிற்காலத்தில் படிப்பவர் அதைக் காலநிலை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடும்.

அதனால் புதிய நிலையத்தில் முதல் தெர்மாமீட்டர் நிற்கும் நாளன்று பழைய மைத்ரியின் தெர்மாமீட்டரை எடுத்துவிடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கட்டடத்தை வேண்டுமானால் பிரிக்கட்டும். பெட்டியும் காற்றுவேகமானிக் கம்பமும் அதே இடத்தில் குறைந்தது சில குளிர்காலமாவது ஓடட்டும். இரண்டு இடத்திலும் ஒரே நிமிடத்தில், மூன்று மணிக்கொரு முறை, ரீடிங் எடுக்கட்டும். வேறுபாடு எவ்வளவு என்று மாதவாரியாகக் கணக்கிட்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். அதற்கு எத்தனை பேட்டரி வேண்டும், எந்தக் கம்பத்தில் எவ்வளவு உயரத்தில் கருவி பொருத்த வேண்டும், புயலுக்குப் பின் யார் போய்ப் பனியைத் தட்டிவிட வேண்டும் என்றுகூட ஒரு பட்டியல் தயாரித்து, அடுத்து கிளம்பும் வானிலைப் பணியாளரிடம் கொடுத்திருக்கிறார்.